உன் பட்டுச் சேலையும் ஆட்டு நரம்பு வயலினும்

என் அன்பு மச்சாள் தேவகிக்கு,

நீ இப்போது இருக்கும் இடத்தில் ஹீட்டர் இல்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை காலை. கடையைத் திறக்கவில்லை. ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு, தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்டன் பார்க் சனம் வந்து தட்டினாலும் எழும்பப் போவதில்லை. இரண்டு தேநீர் குடித்தாயிற்று. இன்று மாலை ஸ்ட்ரெதம் தேவாலய மண்டபத்தில், உன் குழுவோடு, உன் வயலினை நான் வாசிக்க வேண்டும். உன் கணவர் நந்தன் அண்ணை வந்து கேட்கப் போகிறார். கேட்ட பிறகுதான் அந்த வயலினை என்ன செய்வது என்று முடிவு.

இந்தக் கடிதத்தை நம் ஆட்கள் நடத்தும் சஞ்சிகைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள், உனக்கு இப்போது என்ன அவசரம்?

ஸிப் அறுந்த வயலின் பெட்டியோடுதான் நீ முதன்முதல் என் கடைக்கு வந்தாய். பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்ன, நாடி வைக்கிற பலகையைக் காணேல்லை?"

"அந்தக் காலத்துல அது இல்லம்மா. நரம்பும் கம்பி இல்ல. ஆட்டுக்குடல்."

"ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா எனக்குக் குடலைக் காட்டுறீங்களே!"

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகுதான் விளங்கப்படுத்தினாய். ஸ்கொட்லாந்து நடன மெட்டுகளை, அவை பிறந்த காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும் ஒரு சின்னக் குழு. சுருதியும் இன்றையதைவிட அரைக் கட்டை கீழே. ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, ஸ்ட்ரெதத்தில் வீடு வாங்கிய ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இது என்ன விசர் என்று நினைத்தேன். நீயோ வயலினை என் கையில் வைத்தாய். யாழ்ப்பாணத்தில் கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு, ஜேர்மனியில் இருந்த காலம் முழுக்க வில்லைத் தொடாதவள் நான். வாங்கியதும் என் கண் உட்காரத் தரை தேடியது.

"இங்க யாரும் தரையில உட்கார மாட்டாங்க. நில்லு தவம்," என்றாய். அன்றே நீங்கள் போய் நீ ஆகிவிட்டது. நந்தன் அண்ணை என்னைத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கினார். அப்படித்தான் நீ எனக்கு மச்சாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் ஒத்திகைக்கு இழுத்துப் போனாய். நான் வாசித்தால் ஸ்கொட்லாந்து மெட்டிலும் கமகம் வந்து ஒட்டிக்கொள்ளும். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "வில்லை இவ்வளவு நீளமா இழுக்காத. ஆடுறவங்க காலைப் பாரு. கால் தூக்கறப்ப உன் வில்லும் தூக்கணும்." எங்கே பார்ப்பது? நின்றால் எனக்குத் தெரிவது முன்வரிசைக்காரரின் முதுகுதான். ஆனாலும் ஒத்திகையைச் சீடியில் பதிந்து தந்தாய். கடையில் அதைப் போட்டுவிட்டுத்தான் இப்போதும் தைக்கிறேன்.

நீ புரட்டாதியில் எங்களை விட்டுப் போனாய். குளிர் தொடங்கியதும் அண்ணை வீட்டு ஹீட்டரைப் போட்டிருக்கிறார். அதன் பக்கத்தில் வயலின் பெட்டி. ஒரு மாலை அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் ஏதோ படார் என்று வெடித்ததாம். சூட்டில் காய்ந்து நரம்பு அறுந்திருக்கிறது. உடனே எனக்கு ஃபோன்.

"அவ சத்தம் போட்டு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு தங்கச்சி. என்னால முடியல. வாசிக்க ஆள் இல்லேன்னா எதுக்கு வெச்சிருக்கணும்? கடையில கேட்டேன். வயலின் கழுத்தை இந்தக் காலத்து மாதிரி மாத்தி கம்பி போட்டுட்டா யாராவது வாங்கிப்பாங்களாம்."

கழுத்தை மாற்றுவதா? பிறகு அது உன் வயலினா, வேறொன்றா? யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "வெள்ளிக்கிழமை டான்ஸுக்கு வந்து கேளுங்கோ அண்ணை. நான் வாசிக்கிறன். பிறகு உங்கட விருப்பம்." என் வாய் சும்மா இருந்தால்தானே!

அன்றிலிருந்து நித்திரை இல்லை. வயலினை வாங்கி வந்து புது நரம்பு கட்டி, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தினமும் பழகினேன். ஆட்கள் ஆடி மண்டபம் சூடானால் சுருதி ஓடிவிடுமோ? கமகம் வந்துவிடுமோ? நான் பிழைவிட்டால் உன் வயலின் போய்விடுமே, தேவகி. எனக்குப் பயமாக இருக்கிறது. துணைக்கு உன் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போகிறேன். காரியம் முடிந்து அண்ணை எனக்கென்று எடுத்துத் தந்தது. நீயும் வந்த மாதிரி இருக்கட்டும்.

*

மேலே உள்ளது வெள்ளி காலை எழுதியது. இன்று ஞாயிறு. நடந்ததைக் கேள்.

வயலினைத் தோளில் வைத்ததும் அது வழுக்கியது. ஏற்றி வைத்தேன், மறுபடி வழுக்கியது. பட்டு! பழகிய நாளெல்லாம் கம்பளி ஸ்வெட்டர் அதைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. நாடியால் அழுத்தலாம் என்றால் பலகை இல்லை. ஊர்ச் சனத்துக்கெல்லாம் பிளவுஸ் தைப்பவள் நான். எந்தத் துணி வழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆசையில் மூளை வேலை செய்யவில்லை.

முதல் மெட்டு பாதி போவதற்குள் வயலின் நெஞ்சு வரை இறங்கிவிட்டது. இடது கையால் தாங்கினால் விரல் அசையாது. விரலை அசைத்தால் வயலின் விழும். செலோ வாசிக்கும் உன் சிநேகிதி மார்கரெட் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்சுவரோடு அண்ணை, கோட்டைக்கூடக் கழற்றாமல், இப்போதே எழுந்து போகப்போகிறவர் போல இருந்தார். கீழே விழுந்து உடைந்தால் கழுத்தை மாற்றுகிற வேலையும் மிச்சம் என்று ஒரு கெட்ட நினைப்பு வந்தது.

மெட்டு முடிந்து ஆட்கள் கைதட்டினார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மயக்கமா? தண்ணீர் வேண்டுமா?" என்று மார்கரெட் ஆங்கிலத்தில் பதறினார்.

"இல்லை. எனக்கு இப்படித்தான் வாசிக்க வரும்," என்றேன். காலை மடித்து, வலது பாதத்தை நீட்டி, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினேன். ஊரில் பழகிய பிடி. பட்டு என்ன வழுக்கினாலும் தோளுக்கும் காலுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட வயலின் எங்கே போகும்? மார்கரெட் ஒரு கணம் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மெட்டைத் தொடங்கினார்.

அப்போதுதான் பார்த்தேன், மச்சாள். என் கண்ணுக்கு நேரே கால்கள். சப்பாத்துகள், கெண்டைக்கால்கள், பாவாடை விளிம்புகள். ஒரு வயதானவரின் கால் தூக்கும்போது கொஞ்சம் தயங்கியது. அவருக்காக நானும் வில்லை ஒரு பொட்டுத் தாமதித்தேன். யாரும் சொல்லாமலே வில்லின் இழுப்பு சின்னதாகிவிட்டது. கமகம் ஒன்றிரண்டு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கால்கள் கோபிக்கவில்லை.

நீ வழக்கமாகக் கடைசியில் வாசிக்கும் மெட்டையும் வாசித்தோம். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணையின் நாற்காலி காலி.

போய்விட்டார் என்று நினைத்தேன். வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, நான் தைத்துக் கொடுத்த ஸிப்பை இழுத்து மூடினேன். கார் நிறுத்துமிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், கொடுத்துவிடலாம் என்றுதான். அவர் மழையில் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. பெட்டியை நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்க வீட்டுல ஹீட்டர் எந்தப் பக்கம் தங்கச்சி?"

"முன்னறையில, ஜன்னலுக்குக் கீழ. ஏன் அண்ணை?"

"அது பக்கத்துல வெச்சிடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். காரில் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் இப்போது முன்னறை ஹீட்டரை அணைத்துவிட்டோம். பிள்ளைகள் போர்வையோடு இருந்து டிவி பார்க்கிறார்கள், "அம்மா, ப்ளீஸ்!" என்று புறுபுறுக்கிறார்கள். நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு இதை எழுதுகிறேன். எங்கே சின்னச் சத்தம் கேட்டாலும் எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். பயம் எங்கேயும் போகவில்லை, தேவகி. உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஒரு நாள் படார் என்று கேட்கும், தெரியும். கேட்டால் அறுந்ததைக் கழற்றிவிட்டு வேறு ஆட்டு நரம்பு கட்டுவேன். வெள்ளிக்கிழமையானாலும் கட்டுவேன். உன் வயலினின் கழுத்தில் யாரையும் கைவைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

குளிரில் இருந்துகொண்டு,
உன் மச்சாள்
தவமணி