ஈரத்துணி சுற்றிய சீசா

கடத்தூர்,
14.2.1988

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை கிருஷ்ணப்பனுக்கு மாமன் தீர்த்தகிரி எழுதுவது.

நீங்கள் என் மகளுக்கு அநியாயம் செய்துவிட்டீர்கள். "எனக்குப் புள்ள பொறக்காதுங்க மாமா, காசியம்மாள வேற எடத்துல கட்டிக் குடுங்க" என்று என்னிடம் சொன்னீர்கள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறினீர்கள். அவள் என்ன கன்றுக்குட்டியா, அவிழ்த்து வேறு கொட்டகையில் கட்டுவதற்கு?

இங்கே மழை இல்லை. கிணற்றுத் தண்ணீரில் மல்பெரி மட்டும் பிழைத்திருக்கிறது. இலை பறிக்கப் போனால் காசியம்மாள் ரோட்டோரத்திலேயே நிற்கிறாள். தர்மபுரி பஸ் உங்களை இறக்காமல் போன பிறகுதான் உள்ளே நகர்கிறாள். என் தம்பி பச்சியப்பன் ஒரு வரன் கொண்டுவந்தான். "வெறும் புள்ள வேணும்னு யாரு கேட்டாங்க சித்தப்பா? அவரு புள்ளதான் வேணும். அவசரம்னா அந்தாள நீங்களே கட்டிக்குங்க" என்றாள். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டான்.

போன வாரம் அவளோடு, உங்களைப் பரிசோதித்த சேலத்து டாக்டரம்மாவிடம் போனேன். உங்கள் உயிரணு அத்தனையும் செத்துக் கிடந்தது எப்படி என்று கேட்டேன். பரிசோதனைக்கு அதை எப்படிக் கொண்டுவந்தார் என்று அவர் திருப்பிக் கேட்டார். அங்கே கொடுக்கக் கூச்சப்பட்டு வீட்டிலிருந்தே நீங்கள் சீசாவில் எடுத்துப்போனதைக் காசியம்மாள் சொன்னாள். "பட்டுப்புழு முட்டை கொண்டார மாதிரியே ஈரத்துணி சுத்தித்தானுங்க எடுத்தாந்தாரு" என்றாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அது உடம்புச் சூட்டிலேயே, ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டுமாம். மொரப்பூரில் ரயிலுக்குக் காத்திருந்து, குளிர வைத்தே கொன்றிருக்கிறீர்கள். அந்தப் பரிசோதனை செல்லாது.

உயிரணு குறைவாக இருந்தாலும் வழி இருக்கிறது. கழுவி, நன்றாக ஓடுவதை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவள் கருப்பைக்குள் விடுவார்களாம். உங்களுடையதுதான், வேறு யாருடையதும் அல்ல. நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவர் படம் போட்டு விளக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. பலிக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

நீங்கள் லீவு போட்டுவிட்டு வர வேண்டும். சீசாவை ஆஸ்பத்திரியிலேயே நிரப்பித் தர வேண்டும். கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன், ஒருவரையும் அண்ட விடமாட்டேன். டாக்டரம்மா சொல்கிற நாளில் காசியம்மாள் வர வேண்டும். அன்றைக்குப் புழுவுக்கு இலை போடுவது உங்கள் மாமியார் பொறுப்பு. பச்சியப்பன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டரம்மா முடியாது என்று கைவிரித்தாலும் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்க வேண்டும். அதை நானோ டாக்டரம்மாவோ செய்து தர முடியாது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நல்லா இருங்க. சீக்கிரம் வாங்க.

மாமன்
தீர்த்தகிரி