சத்தம் போடாத கார்டு

என் கண்ணு கதிருக்கு,

நீ காத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டு வெளிவந்துவிட்டதப்பா. போன ஞாயிற்றுக்கிழமை இர்ஃபான் வந்து சொன்னான். என்னிடம் இயற்பியல் படித்த பழக்கம், உன் சிநேகிதன் இன்னும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறான். "கதிர் இருந்திருந்தா மொத நாளே லீவு போட்டிருப்பானுங்க சார்" என்றான்.

உன் கம்ப்யூட்டரில் அது ஓடுமா என்று கேட்டேன். திரைக்குப் படம் வரைந்து தரும் பழைய கிராபிக்ஸ் கார்டு தாங்காதாம். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட, திரும்பி வந்ததும் அதை மாற்றுவதுதான் முதல் வேலை என்றாயே. அந்த வேலையை நான் செய்யக் கூடாதா?

இர்ஃபான் பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதோடு வந்தான். பவர் சப்ளையும் மாற்ற வேண்டும் என்று அதையும் வாங்கி வந்திருந்தான். கிணற்றில் சின்ன மோட்டாருக்கு இழுத்த வயரில் பெரிய மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும்? வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். புது கார்டு நீளமாக இருந்து பெட்டிக்குள் இடித்தது. ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றி இடம் பண்ணினான். நான் டார்ச் பிடித்தேன்.

திரையில் மழை பெய்த சாலை வந்தது. மரங்கள் இலை இலையாகத் தெரிந்தன.

"சத்தத்தையே காணோமே, ஓடுதா?"

"அதுதானுங்க சார் புது கார்டு. ஃபேன் சுத்தறதே தெரியாதுங்க."

நான் குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன்.

உன் பழைய கார்டின் விசிறி பேரிங் தேய்ந்து என்ன சத்தம் போடும்! "ஏன் கண்ணு, உள்ள ரைஸ் மில்லா ஓட்டறே?" என்பேன். "மில்லு ஓனரோட அப்பான்னு சொல்லிக்கலாமுங்கப்பா" என்பாய். நீ சண்டையில் இருந்தால் அது வால்பாறை மலையேறும் பஸ் போல முக்கும். சத்தம் தணிந்தால் உன் ஆட்டம் முடிந்தது, அம்மா தோசைக்கல்லைப் போடுவாள்.

நீ போன பிறகும் சாயங்காலம் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, முன்னறையில் வந்து உட்கார்ந்துகொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருப்பது போலவே இருக்கும். சும்மா வைத்தால் மெஷின் கெட்டுவிடும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

இர்ஃபான் கிளம்பிப் போனதும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னிக்குக் கம்ப்யூட்டரப் போடலீங்களா?"

"போட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க. சத்தம் நின்னாத்தான நான் கல்லப் போடுவேன்? இன்னிக்கு ஆரம்பிக்கவே இல்லீங்களே."

கையில் மாவுக் கரண்டியோடு நின்றாள். அவளும் தினம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், கதிர்.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். "அது நேத்தே பீளமேட்டு ஹாஸ்டல் பையன் ஒருத்தருக்குப் போயிருச்சுங்களே. கெரகம், ஊரே எந்திரிக்கற மாதிரி சத்தங்க. அந்த ஃபேனத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக் குடுத்துட்டோம்" என்றார் கடைக்காரர். அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்க வாயெடுத்தவன், மூடிக்கொண்டேன். இனி அவனைக் கண்டுபிடித்துத்தான் என்ன செய்ய?

நீ ஆசைப்பட்டதைத்தானே செய்தேன்? படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. யார் பார்ப்பது?

ஒன்று மட்டும் உனக்கு உறுதி சொல்கிறேன். இனிமேல் சாயங்காலம் முன்னறையில் உட்கார மாட்டேன். சமையலறைக்கே போய், கல்லைப் போடு என்று அம்மாவிடம் நானே சொல்வேன். வராத சத்தத்துக்கு அவளைத் தனியாகக் காத்திருக்க விட மாட்டேன்.

சத்தத்தைக் குறை கண்ணு என்று உன்னைத் தினமும் அதட்டிய,
உன் அப்பா