பொட்டாசியம் இருந்த தாள்

மார்ச் 3, திங்கள்

அக்காவின் தையல் மெஷின் இன்று பாதிச் சட்டையோடு நின்றது. கோளாறு மெஷினில் இல்லை, மிதிக்கிற காலில். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதாம். "கால் என்னுது மாதிரியே இல்லடா" என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று ஆறுதலும் சொன்னேன். ஆறுதல் சொல்வதற்கு வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி.

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று டிசம்பரில் நீர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியவர். கணினித் திரையை அன்போடு நலம் விசாரித்தார். "பிரஷர் இப்ப சூப்பரா இருக்கும்மா. கால் வலியெல்லாம் வயசுக்கு வர்றதுதான். நல்லா நடங்க." சொன்னது, நடக்க முடியாமல் வந்தவளிடம். மொத்தம் நான்கு நிமிடம். அதில் ஒன்றரை, அவருடைய போனுக்கு.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாவது மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நெஞ்சு நடுநடுவுல ஒரு துடிப்பை விட்டுட்டுத் துடிக்குதுடா. என்னைவிட அது சோம்பேறி ஆயிடுச்சு." சிரித்தாள். நான் ஆட்டோ கூப்பிடப் போனேன்.

மார்ச் 10

ஆஸ்பத்திரி. நெஞ்செல்லாம் ஒயர். கையில் பொட்டாசியம் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. ரத்தத்தில் 3.5க்குக் குறையக்கூடாதாம், அக்காவுக்கு 2.4. நீர் மாத்திரை உப்பையும் தண்ணீரையும் வெளியே அனுப்பும்போது பொட்டாசியத்தையும் கூடவே வழியனுப்பிவிடும் என்றாள் பணியில் இருந்த இளம் டாக்டர். அது இல்லாவிட்டால் தசை சோரும், இதயம் தாளம் தப்பும். நின்றும் போகலாம்.

"டோஸை ஏத்தினா ரெண்டு மூணு வாரத்துல பொட்டாசியம் பார்க்கணுமே சார். பார்க்கலையா?"

பார்க்கலையாவா? என்னை ஏம்மா கேக்கற? அந்த மகராசனைப் போய்க் கேளு! நடங்கன்னானே, நடங்கன்னு — எங்க நடக்கச் சொன்னான், நேரா சுடுகாட்டுக்கா?

மார்ச் 11

டாக்டருக்குக் கடிதம். மூன்றாவது வரைவு. "தாங்கள் வைத்தியர் அல்ல, மருந்துச்சீட்டு அச்சடிக்கும் இயந்திரம்" என்று எழுதி, இயந்திரத்துக்கு அவமானம் என்று அடித்தேன். பாடநூல் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறேன். ஒரு காற்புள்ளி தவறினால் மூன்று பேருக்கு விளக்கம் எழுத வேண்டும். இவர் யாருக்கு எழுதுவார்? நாளை வீட்டுக்குப் போய்க் கோப்பிலிருந்து தேதிகளை எடுக்க வேண்டும். ஆதாரமில்லாத வசவு இலக்கியமாகிவிடும்.

மார்ச் 12

ஆதாரம் கிடைத்தது.

பரிசோதனை நடந்திருக்கிறது. ஜனவரி 4. அவரே எழுதிக் கொடுத்ததுதான். முடிவு இரண்டு தாள். முதல் தாளில் சர்க்கரையும் கொழுப்பும், இரண்டாவதில் உப்புகள். அந்தக் கிளினிக்கின் வழக்கம்: வரவேற்பில் இருக்கும் அம்மாள் முதல் தாளை டாக்டரிடம் அனுப்புவார், மீதியை "இது உங்க காப்பி" என்று நம் கையில் தருவார். இன்னொரு தாள் எங்கே என்று டாக்டர் கேட்கவில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, துளையிட்டு, கோப்பில் போட்டிருக்கிறேன்.

அதில் பொட்டாசியம் 2.9. பக்கத்தில், அளவு தப்பியதற்கான நட்சத்திரம்.

அதற்கு இரண்டு விரல்கடை மேலே, சிவப்பு மையில், என் கையெழுத்து. வயது 85 என்று அச்சாகியிருந்ததை 58 என்று திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வேறு.

சபாஷ்.

படிச்சிருக்கேன். கண்ணு அந்தத் தாள்ல இருந்திருக்கு. ஒரு பிழை கிடைச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு மூடி வச்சிருக்கேன்.

மார்ச் 13

கடிதத்தை நேரிலேயே கொடுத்தேன். குற்றவாளிகள் வரிசையில் மூன்றாவதாக என்னையும் சேர்த்திருந்தேன். வரவேற்பு அம்மாள் கொதித்தார்: "பதினஞ்சு வருஷமா இப்படித்தான் கொடுக்கறேன், ஒருத்தர் கேட்டதில்ல!" டாக்டர் இரண்டு முறை படித்தார். "இனிமே எல்லாத் தாளையும் உள்ள அனுப்புங்கம்மா" என்றார் அவரிடம். என்னிடம், "நீங்களும் பார்த்திருக்கீங்களே சார்?" என்றார். அடிக்கலாம் போலிருந்தது. யாரை என்பதில்தான் குழப்பம்.

மார்ச் 14

அக்காவிடம் சொன்னேன். "எண்பத்தஞ்சுன்னா போட்டிருந்தான்? நல்லவேளை, திருத்தினே." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 17

வீட்டுக்கு வந்தாயிற்று. வேறு மாத்திரை. பேச்சு குறைவு.

மார்ச் 27, வியாழன்

மறுபரிசோதனை. லேப் ஜன்னலில் கை நீட்டினேன். உள்ளே இருந்த பெண்ணும் உறையை என்னிடம்தான் நீட்டினாள். அக்கா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். "கொடும்மா, என் ரத்தம்தானே."

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டாள். வரிவரியாக விரல் வைத்து, எல்லாத் தாளையும் படித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நாலு புள்ளி ஒண்ணு" என்றாள் கடைசியில். மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே ஆறு படிகள். கை கொடுத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.