வலது பக்கம் சின்னதுக்கு

14 நவம்பர் 2003, வெள்ளி

ஸ்கேனில் துடிப்பைப் பார்த்துவிட்டேன். அரிசிமணி அளவில் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐவிஎஃப்பில் உள்ளே வைத்தது இரண்டு கரு. இன்னொன்றின் பை காலி. "அது தானா கரைஞ்சிடும்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இவர் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் "மெல்லகே ஹோகி" என்று கெஞ்சினார். "தமிழ்லயே சொல்லுங்க சார், இதுக்கு மேல மெதுவா போனா வண்டி நின்னுடும்" என்றார் அவர். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். எட்டு வருஷம் காத்திருந்ததற்கு ஒன்று போதும்.

பக்கத்து வீட்டு மேரியக்கா நர்ஸ். கரு வைத்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து இடுப்பில் ஊசி போடுகிறார். ஒரு நாள் இடது, மறுநாள் வலது. இடது பெரிசுக்கு, வலது சின்னதுக்கு என்று நானும் இவரும் விளையாட்டாகப் பிரித்து வைத்திருந்தோம். அக்காவுக்கும் அது பழகிவிட்டது.

இன்றும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே, "இன்னிக்கு யாரு முறைம்மா?" என்று கேட்டுவிட்டார். மத்தியானமே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சின்னதின் முறை. வலது பக்கத்தைக் காட்டினேன். போட்ட இடத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்துவிட்டுப் போனார்.

இன்னும் வலிக்கிறது. படுத்து யோசித்தால், துடிப்பது பெரிசா சின்னதா என்று டாக்டருக்கே தெரியாது. சின்னதாகவும் இருக்கலாம்.