காய வைத்த பயற்றுச் சாறு

நாள் 212, காலை 6.10
முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நேற்று அபாய மணி அடித்ததற்குக் காற்றுக் கசிவு என்று எழுதியிருந்தேன். கசிவு இல்லை, நான் தும்மினேன். தட்டாம்பயறு மாவு மூக்கில் ஏறினால் எனக்கு அப்படித்தான், மணியே பயந்துவிடும்.
செவ்வாயில் இப்போதைக்கு நான் ஒருத்திதான். பேராச்சி, மூன்றாம் வகுப்பு ஊழியர். பன்னிரண்டு பாத்தி நெல் என் பொறுப்பு. கப்பலில் இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். இறங்கினால் இந்த நெல்தான் சோறு, திரும்பிப் போக எரிபொருள் கிடையாது. நெல் நலம். நானும் நலம், யாரும் கேட்கவில்லை.

நாள் 219, காலை 7.00
மூன்றாம் பாத்தி இலைகளில் கண் கண்ணாகப் புள்ளி. குலைநோய். கப்பலிலிருந்து டாக்டர் ஜெனிட்டா:
"பயப்படாதீங்க பேராச்சிக்கா. தட்டாம்பயறுக்குள்ள பூஞ்சையைக் கொல்ற புரதம் இருக்கு. பாதிப் பயறை அரைச்சு, வடிகட்டி, சாறை நல்லா காய வச்சு, தண்ணில கலக்கி அடிங்க."
பதில் அனுப்பினேன்: "பயறுக்கு இருக்க ரோசம் நெல்லுக்கு இல்ல பாருங்க டாக்டரம்மா."

நாள் 220, மாலை 4.00
காய வைத்தேன். பால் திரிந்த மாதிரி பொங்கி வந்தது. வாசனை பிரமாதம். ஆற்றிக் கலக்கி எல்லாப் பாத்திக்கும் அடித்தாயிற்று.

நாள் 227, காலை 8.30
ஒன்பது பாத்தி கருகிவிட்டது. "பொங்கப் பொங்கக் காய வச்சேனே" என்று அனுப்பினேன். பதில் வர எட்டு நிமிடம் ஆகும். இன்று அரை மணி ஆனது.
"அக்கா... காத்துல உலர விடச் சொன்னேன். அடுப்புல இல்ல. சூடு பட்டா அந்தப் புரதம் செத்துரும். தப்பு என் மேலதான்."
எங்கள் ஊரில் துணியும் காயும், வெந்நீரும் காயும். இப்போது இருபத்திரண்டு வயிறு காயப் போகிறது.

நாள் 228, காலை 10.00
மூக்கில் துணி கட்டிக்கொண்டு மிச்சப் பயறு முழுவதையும் அரைத்தேன். இனி ஒரு பயறுகூடக் கிடையாது. சாறு தட்டில், விசிறிக்கடியில். மூன்று பாத்தி பிழைத்தால் அடுத்த அறுப்பு வரை எல்லோருக்கும் கஞ்சி உண்டு.

நாள் 231, காலை 9.20
இரண்டு கை தூள் கிடைத்தது. டாக்டர் குரல்:
"காஞ்சிருச்சாக்கா? எல்லாரும் இங்க ஒலிபெருக்கியச் சுத்தி நிக்கிறோம்."
தெளிவாகக் கேட்கட்டுமே என்று மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டுச் சொன்னேன்: "சுக்காக் காஞ்சிருச்சு தாயி. இந்தா, கலக்கப் போறேன்."

காலை 9.24
அபாய மணி அடித்தது. கசிவு இல்லை. தூளைக் காற்றுக்குழாய் இழுத்துக்கொண்டது. தட்டு சுத்தமாக இருக்கிறது, கழுவ வேண்டியதில்லை.