வெறும் பாத்திரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ ஒரு கையால் கணினியைத் தட்டிக்கொண்டே சரிம்மா சரிம்மா என்பாய், எனக்கும் பாதியிலேயே சுருதி இறங்கிவிடும். இது அப்படிப் பாதியில் விடக்கூடிய சங்கதி இல்லை. உன் அம்மா ஜெயித்துவிட்டாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், எப்படி என்பதை விலாவாரியாகக் கீழே சொல்கிறேன், வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் படி.

போன வருடம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டபோது நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. நீ இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. உன் மாமா கரியடுப்பில் இறைச்சியைப் புரட்டிக்கொண்டே, அவன் டயர் கடை ஆட்கள் சுற்றி நிற்க, "வெறும் புல்லு மேயறதுக்கா மாப்ளே இவ்ளோ தூரம் வந்தே" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நீ இரண்டு துண்டு வெறும் ரொட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தாய். நான் எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அதோடு போயிற்றா, அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய், நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏரிப் பக்கம் திரும்பினாய். அடுத்த மாதமே வேலை கிடைத்து அவ்வளவு தூரம் போய்விட்டாய். இந்த வருடம் கேம்புக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு லீவு இல்லை என்றாய். பெற்றவளுக்குத் தெரியாதா, இல்லாதது லீவு இல்லை என்று.

அதனால்தான் மாமா வழக்கம்போல நோட்டும் பேனாவுமாக வந்து, யார் யார் என்னென்ன கொண்டுவருவது என்று பட்டியல் போட உட்கார்ந்ததும், இந்த வருடம் ஒன்பது பேருக்கும் இரண்டு நாளும் நான்தான் சமையல், என் மகன் சாப்பிடுகிற மாதிரிதான் சமைப்பேன் என்று சொல்லிவிட்டேன். மாமா பேனாவை மூடிவிட்டு, வெறும் காய்கறியா அக்கா என்றான். அந்த 'வெறும்' அவன் நாக்கிலேயே குடியிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஐஸ் பெட்டி நிறைய இறைச்சி எடுத்து வருவதாகச் சொன்னான். தாராளமாகக் கொண்டு வா, ஆனால் ஒரு பந்தயம் என்றேன். இரண்டு நாளில் அந்தப் பெட்டியை யாராவது திறந்தால் அப்புறம் கேம்ப் சாப்பாட்டைப் பற்றி நான் மூச்சு விட மாட்டேன். ஒருவரும் திறக்காவிட்டால் அடுத்த வருட கேம்புக்கு நீயே என் மகனை உன் வாயால் கூப்பிட வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே என் கையில் அடித்து ஒத்துக்கொண்டான், அவ்வளவு நம்பிக்கை அவனுக்குத் தன் பெட்டியின் மேல்.

நான்கு வாரத்துக்கு முன் உன்னைக் கூப்பிட்டு, வெளியே போனால் இந்த வீகன் சமையலை எப்படிச் செய்வது என்று கேட்டேன் இல்லையா, யாருக்கும்மா என்றாய், சும்மா என்றேன். அது சும்மா இல்லை. நீ சொன்ன எல்லாவற்றையும் தையல் பட்டறையின் வெட்டுப் பட்டியலுக்குப் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். நறுக்க வேண்டியதை வீட்டிலேயே நறுக்கிக்கொள், வேக நேரமாகிற கொண்டைக்கடலையை வேகவைத்து வடித்து எடுத்துக்கொள், பொடியும் பருப்பும் வேளைக்கு ஒரு பையாகக் கலந்து கட்டிக்கொள், அங்கே போனால் ஒரே அடுப்பு ஒரே பாத்திரம் என்றாய். நான்கு ஞாயிற்றுக்கிழமையும் மொட்டைமாடியில் அந்தச் சின்ன கேஸ் அடுப்பை வைத்துப் பழகினேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லுவார், ஏதோ ஓட்டப்பந்தயம் மாதிரி. காற்றுக்கு அடுப்பு அணைந்து அணைந்து போனதும், தகரத் தட்டால் மறைப்புக் கட்டும் யோசனையைச் சொன்னது அவர்தான், அதை இங்கே எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வார். பட்டறையில் மிஞ்சிய சீருடைத் துணியில் நானே சுருக்குப்பைகள் தைத்தேன். அளவுக்கு ஒரு நிற நூல் என்பது எங்கள் பட்டறை வழக்கம் அல்லவா, அதே கைப்பழக்கத்தில் சாயங்காலக் குழம்புக்கான சிவப்புப் பருப்பும் காரப்பொடியும் இருந்த பைக்குச் சிவப்பு நூல், காலைக் கஞ்சிக்கான ஓட்ஸும் உலர்திராட்சையும் பட்டைத்தூளும் இருந்த பைக்குப் பச்சை நூல் என்று ஓரம் அடித்துவிட்டு என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போதே உனக்குப் புரிந்திருக்கும். உன் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தக்காளி காயா பழமா என்று நம் வீட்டில் யாரும் அவரிடம் கேட்பதில்லை. முப்பது வருடம் குடும்பம் நடத்திய எனக்கு அது எப்படித்தான் மறந்ததோ. முதல் நாள் எல்லோரும் மலைப்பாதையில் நான்கு மணி நேரம் நடந்துவிட்டுப் பசியோடு இறங்கி வருகிற நேரம், பொழுது சாய்கிறது, பாத்திரத்தில் வெங்காயமும் தக்காளியும் கேரட்டும் உருளைக்கிழங்கும் கடலையும் அழகாகக் கொதிக்கிறது, நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டே சிவப்பு நூல் பையைப் போடுங்கள் என்றேன். அவர் பயபக்தியோடு பச்சை நூல் பையைக் கவிழ்த்துவிட்டார், கடைசித் தூள்வரை தட்டி வேறு போட்டார். திரும்பிப் பார்த்தால் குழம்பில் திராட்சை மிதக்கிறது. கத்தியை வைத்துவிட்டு ஓடி வந்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கொட்டிடலாம் அண்ணி, பெட்டியைத் திறந்துடலாம் என்று காதோடு சொன்னாள், பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்தப் பக்கம் பார்த்தால் உன் மாமா ஏற்கெனவே பெட்டியின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூடியின் மேல் கையை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தாளத்தைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ ஒரு ரோஷம். அளவு தப்பாக வெட்டின துணியை நான் என்றைக்காவது குப்பையில் போட்டிருக்கிறேனா, முழுக்கை போனால் அரைக்கையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். ஓட்ஸ் கரைந்து குழம்பு நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது, பட்டை வாசனையும் தக்காளிப் புளிப்பும் திராட்சை இனிப்பும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருந்தன, குறைந்தது காரம்தான். இரண்டு கரண்டி மிளகாய்த்தூள், இன்னும் கொஞ்சம் உப்பு, ஒரு முழு எலுமிச்சம்பழம், மேலே வறுத்த வேர்க்கடலையை நுணுக்கித் தூவினேன். ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டு முறுமுறுவென்று வாட்டி எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றேன்.

டயர் கடை ஆட்களில் பெரியவர் முதலில் கிண்ணத்தை நீட்டினார். மாமாவின் மகள் வாலு, கேரட் என்றால் காத தூரம் ஓடுகிறவள், திராட்சை வருகிறதா என்று தேடித் தேடியே இரண்டு கிண்ணம் காலி பண்ணினாள். மூன்றாவது தடவைக்கு உன் மாமாவே எழுந்து வந்து பாத்திரத்தைச் சாய்த்து, ரொட்டியால் அடியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, வெறும் பாத்திரம்தான் இருக்கு" என்றான். சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வார்த்தை வந்தது என்பது அவனுக்கே உறைத்தது. ஆமாண்டா தம்பி, வெறும் காய்கறி இருந்த பாத்திரம் என்றேன். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வெட்கப்படாமல் சிரித்தேன். அப்பாவோ, எல்லாம் தன் கைராசி என்று மறுநாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் காலை சிவப்பு நூல் பைப் பருப்பைக் குழைய வேகவைத்து ரொட்டியில் தடவிக் கொடுத்தேன், மதியம் வேர்க்கடலை விழுதும் முட்டைக்கோசும் வைத்துச் சுருட்டிய ரொட்டி, சாயங்காலம் அலுமினியத் தாள் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கு. பெட்டியை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி உருகிய ஐஸோடு போனபடியே மூடி திறக்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது, வண்டியில் அதை ஏற்றியபோது உன் மாமாவின் முகத்தைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டேனே என்ற ஆதங்கம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் கண்ணா. மாமா கேலி செய்ததைவிட நான் சிரித்ததுதான் உனக்கு வலித்திருக்கும். அது தப்பு. இத்தனை பைகளைத் தைத்ததும் அந்தத் தப்பைப் பிரித்துத் தைக்கத்தான். நீ நன்றாக இரு, நினைத்த காரியம் எல்லாம் கைகூடட்டும், உன் அடுப்பு என்றைக்கும் எரியட்டும். அந்த வைட்டமின் மாத்திரையை விடாதே, வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள். லீவுக்கு இப்போதே எழுதிப் போடு, மாமா அடுத்த வருடப் பட்டியலில் பத்து பேர் என்று எழுதிவிட்டான்.

என்றும் உன்
அம்மா

பி.கு. போனில் பேச உன் மாமாவுக்குக் கூச்சமாக இருக்கிறதாம், கடையில் இருந்து வந்து கிரீஸ் கையோடு இந்த இடத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். கீழே இருப்பது அவன் எழுத்து.

மாப்ளே, வந்து சேரு. இனிமே உன்னை வெறும் ரொட்டி திங்க விட மாட்டேன். மாமா.