கரமனைக் குளத்துச் செவ்வுண்ணி

ஜூன் 5, 1955. ஞாயிறு.

காலையிலிருந்து மழை. சுசீந்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். டாக்ஸியில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுக்கொண்டு. பையனுக்கு நாகர்கோவிலில் பாங்க் வேலை. சொஜ்ஜி, பஜ்ஜி, ஒரு பாட்டு.

பையனின் அம்மா: "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போக வேண்டாம், கேட்டயோ?" தலையை ஆட்டிவைத்தேன். கொசு ஆராய்ச்சி ஆபீசில் என் வேலை தற்காலிகம், இந்த மாதக் கடைசி வரைதான். நீடித்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், இல்லாவிட்டால் இந்த வரனையே முடித்துவிடலாம். இது அப்பாவின் கணக்கு.

விளக்கு வைக்கிற நேரம். இடது கையில் ஒரு கொசு. அதன் கழுத்தடியில் இரண்டு சிவப்புப் புள்ளி. அடிக்க மனசு வருமா? காலி காபி டம்ளரைக் கைமேல் கவிழ்த்துக்கொண்டு, அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டேன். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூன் 6.

விட்டுவிட்டு மழை. ஆபீசில் மைக்ராஸ்கோப். அந்தச் சிவப்புப் புள்ளி நான் நினைத்ததேதான். கொசுவின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதையே உறிஞ்சிப் பிழைக்கும் செவ்வுண்ணி. சுவர் மேப்பில் அதற்காகக் குத்திய குண்டூசிகள் எல்லாம் தெற்கே, நாஞ்சில் நாட்டில். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே ஒன்றுகூட இல்லை. வடக்கே, இந்தக் கரமனையிலும் உண்டு என்றால்தான் இங்கே தேட ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

எங்கள் ஆபீசர் டாக்டர் சாருக்கு ஒரே குஷி. "கொள்ளாம்! உன் வேலையை ஆறு மாசம் நீட்டிடலாம்." குண்டூசியைக் கையில் எடுத்தும் விட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சார், நேத்து சுசீந்திரத்திலேர்ந்து ஆத்துக்கு ஒரு கார் வந்தது. இந்தக் கொசு அதுல ஏறி வந்திருக்கலாம்."

குண்டூசி டப்பாவுக்குத் திரும்பியது.

ஜூன் 8.

யோசித்தது: கொசு தண்ணீரில் கூட்டைப் பிளந்து வெளியே வரும்போதே உண்ணி தொற்றிக்கொள்ளும். முட்டையிடத் தண்ணீருக்குத் திரும்பும்போது உதிரும். ஆகவே கரமனைத் தண்ணீரில் பிறக்கும் கொசுவையே பார்த்தாக வேண்டும்.

கோயில் குளம் - மீன் புழுவையெல்லாம் தின்றுவிடுகிறது, பயனில்லை.
ஆற்றோரக் குட்டை - வெள்ளத்தில் போயிற்று.
தென்னந்தோப்புக் குளம் - மேலெல்லாம் பாயல், பச்சைப் பாசி மூடிக்கிடக்கிறது. கூட்டுப்புழு நிறைய!

கண்ணாடிப் பரணியில் மொண்டுவந்து அதன் வாயைத் துணியால் கட்டினேன். அம்மா மௌனத்தைக் கலைத்தாள்: "மாங்கா போடற பரணியாக்கும் அது!"

புடவையெல்லாம் சேறு. சோப்பு வாங்க வேண்டும்.

ஜூன் 10.

சுசீந்திரத்திலிருந்து சம்மதம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நிச்சயதார்த்தம் 15. அம்மாவுக்குக் கண்ணீர், அப்புறம் பால் பாயசம். டம்ளர் கவிழ்த்த பெண் என்றுதான் அங்கே எனக்குப் பேராம். பையன் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

நல்லவராகத்தான் இருப்பார். எனக்கு வேலையை விட இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

ஜூன் 12.

பரணியில் பிறந்த கொசு அத்தனையும் சுத்தம். ஒன்றில்கூட உண்ணி இல்லை. தலைவலி. மறுபடி தோப்புக்கு ஒரு நடை, மறுபடி ஒரு பரணித் தண்ணீர். அம்மா ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டாள். போய் நின்றேன்.

ஜூன் 14.

வெயில். காபிக்கு முன்னால் பரணியைப் பார்த்தேன். ஒரு கூட்டின் முதுகு பிளந்து, கொசு மெல்ல எழும்பியது. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாய் அதன்மேல் ஏறின. கத்தியிருக்கிறேன் போல. அப்பா ஓடிவந்தார்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது நம்ம தண்ணியில பொறந்ததுதானே?"

"நம்ம தண்ணிதான்."

"கார்ல வந்துதுன்னு ஆரும் பறய மாட்டாளே?"

"மாட்டா."

பரணியின் துணியை அவரே இறுக்கிக் கட்டினார். "செரி. சுசீந்திரத்துக்குத் தந்தி அடிச்சுடறேன், பொண்ணுக்கு இங்கே வேலை இருக்கு, கல்யாணம் அப்புறம்னு."

அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

ஆபீஸ். டாக்டர் சார் பரணியைப் பார்த்தார். குண்டூசியை என்னிடமே கொடுத்தார். அவசரத்தில் மேப்பில் ஆற்றுக்குள் குத்திவிட்டேன். பிடுங்கி, கரமனையில் குத்தினேன்.